பசுமைப் பள்ளித் தணிக்கை: உயர்நிலைப் பள்ளிகள் தயங்காமல் சேரலாம்

டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் நடத்தும் பசுமைப் பள்ளித் திட்டத்தில் காற்று, எரிசக்தி, உணவு, நிலம், நீர், கழிவு என ஆறு பிரிவுகள். தங்கள் பள்ளியில் இவை எப்படி இருக்கின்றன என்பதை மாணவர்களே அளந்து தணிக்கைப் படிவத்தில் பதிகிறார்கள். இதன் பெரிய பலமே அதுதான்.

நீர்ப் பிரிவு அருமை. சொட்டும் குழாயடியில் அளவுக் குவளையை 10 நிமிடம் வைத்து, சேர்ந்ததை 144-ஆல் பெருக்கினால் ஒரு நாள் இழப்பு தெரிந்துவிடும். 50 மில்லி சேர்ந்தால் நாளுக்கு 7.2 லிட்டர்! அன்றைக்கே வாஷர் மாற்றச் சொல்லிப் பிள்ளைகள் அலுவலகத்துக்கு ஓடுவார்கள்.

சறுக்குவது கழிவில். ஒரே நாள் எடையை வைத்து மாதக் கணக்குப் போட்டால் தவறும். தேர்வு நாளில் காகிதம் குவியும், விழா நாளில் தட்டுகள். ஐந்து வேலை நாளாவது மக்கும் குப்பை தனி, மக்காதது தனி என எடை போடுங்கள். மின்சாரத்துக்கு ஓராண்டு ரசீதுகள் கையில் இருக்கட்டும். கடைசி நாளில் ஆசிரியரே படிவத்தை நிரப்பிவிடக் கூடாது. பிரிவுக்கு ஐந்தாறு ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் போதும்.