பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கித் தருவதாகப் பணம் பறிக்கும் முகவர்: புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களின் கவனத்திற்கு

தாத்தா பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் பிறந்தவர் என்பதே போதும், பேரனுக்குக் குடியுரிமை வந்துவிடும் என்று சொல்லி, புதுச்சேரியில் முகவர் ஒருவர் என் தம்பியிடம் நான்கு லட்சம் ரூபாய் வாங்கினார். அவர் சொன்னது சட்டப்படி பொய் என்பதையும், கடைசியில் அவர் கொடுத்த பத்திரம் போலி என்பதையும் மற்ற குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1954 நவம்பர் 1ஆம் தேதி புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் நிர்வாகம் பிரெஞ்சுக்காரரிடமிருந்து இந்தியாவிடம் வந்தது. ஆனால் 1956இல் கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதிதான். இங்கேயே பிறந்து அன்று இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்களானார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்றவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டியிருந்தது. அப்படி அறிவித்தவர்கள் சில ஆயிரம் பேர் மட்டுமே. எங்கள் தாத்தா அவர்களில் ஒருவர் அல்லர் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதைத் தம்பி முதல் நாளே சொன்னபோது, "அதெல்லாம் பழைய ரெக்கார்டில் இருக்கும், நான் எடுத்துத் தருகிறேன்" என்று முகவர் உறுதி கூறியிருக்கிறார்.

சில மாதங்கள் கழித்து அவர் எடுத்துத் தந்த அறிவிப்புப் பத்திரத்தை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். தாள் பழுப்பேறியிருந்தது, ஆனால் எழுத்துகள் கணினியில் அச்சிட்டவை. தேதி 1963 ஜூலை என்றிருந்தது. ஆறு மாதக் கெடுவோ பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது. பிரெஞ்சு எழுத்தில் அன்றி வேறு எழுத்தில் எந்த ஆவணத்திலும் கையெழுத்திடாத தாத்தாவின் பெயருக்குக் கீழே தமிழில் ஒரு கையெழுத்து கிடந்தது. இதைத் தம்பி தன் பெயரில் பாரிஸுக்கு அனுப்பியிருந்தால், போலி ஆவணம் கொடுத்த குற்றம் அவன் தலையில் அல்லவா விழுந்திருக்கும்?

தாத்தா உண்மையாகவே அறிவித்திருந்தாலும் வழி எளிதாக இருந்திருக்காது. முன்னோர் அரை நூற்றாண்டுக்கு மேல் பிரான்சுக்கு வெளியிலேயே வாழ்ந்து, விண்ணப்பிப்பவரும் அவருக்கு அந்த உரிமையைத் தரவேண்டிய தந்தையோ தாயோ பிரெஞ்சுக் குடிமக்களாக வாழ்ந்ததற்குப் பாஸ்போர்ட், தூதரகப் பதிவு போன்ற சான்று எதுவும் இல்லாவிட்டால், வம்சாவளியைக் காட்டிக் குடியுரிமையை மெய்ப்பிக்க அந்நாட்டுச் சிவில் சட்டத்தின் 30-3ஆம் பிரிவு இடம் கொடுப்பதில்லை. புதுச்சேரியைப் பொறுத்தவரை அந்த ஐம்பது ஆண்டு 2012இலேயே நிறைவடைந்துவிட்டது. இரண்டு பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொள்ளலாம் என்று முகவர் சொன்னதும் பொய்தான். இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை.

பத்திரத்தைப் பற்றிக் கேட்டபோது அவர் சற்றும் தயங்கவில்லை. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பெண் ஒருவரைக் காகிதத்தில் மட்டும் மணந்துகொள்ளலாம், அதற்கு இன்னும் எட்டு லட்சம் ஆகும் என்றார். திருமணத்தின் வழியே குடியுரிமை கோருவதற்குக் குறைந்தது நான்கு ஆண்டுகள், பிரான்சில் தொடர்ந்து வசிக்காதவர்கள் பெரும்பாலும் ஐந்து ஆண்டுகள், உண்மையாகவே சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். குடியுரிமைக்காகவே செய்யும் போலித் திருமணத்துக்கு அங்கே ஐந்தாண்டு வரை சிறையும் 15,000 யூரோ அபராதமும் உண்டு. திருமணமாகாத ஓர் இளைஞனிடம் இப்படியொரு யோசனையைக் கூசாமல் சொன்னதைத்தான் எங்கள் அம்மாவால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

உண்மையான உரிமை உள்ளவர்களுக்கு முகவரே தேவையில்லை. வெளிநாட்டில் பிறந்து வெளிநாட்டில் வசிப்பவர்கள் குடியுரிமைச் சான்றிதழுக்கு உரிய படிவத்தை நிரப்பிப் பாரிஸ் நீதிமன்றத்துக்கு நேரடியாகவே அனுப்பலாம். தாத்தா 1962இல் வியட்நாமின் சைகோன் போன்ற வெளிநாட்டு நகரில் குடியிருந்திருந்தால் விதிகள் வேறு. அத்தகையவர்கள் குடியுரிமைச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் காகிதங்களைக் காட்டுவது நல்லது.

தாத்தாவின் பிறப்புப் பதிவு மூலப்பிரதி இன்னும் அந்த முகவரிடம்தான் இருக்கிறது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது பெற்றிருக்கிறோம். இதே போலப் பணமோ மூல ஆவணமோ கொடுத்தவர்கள், வங்கிப் பரிமாற்றச் சான்றையும் வாட்ஸ்அப் உரையாடல்களையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, தங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் தனித்தனியே புகார் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.