12 மடங்கு ஜூம், ஒரே பாக்கெட்டில் அவுட்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி கம்பெனியில் கம்ப்யூட்டர், நெட்வொர்க், சிசிடிவி, பிரிண்டரில் சிக்கிய பேப்பர் எல்லாம் என் பொறுப்பு. 2019 கடைசியில் மீட்டிங் ரூமுக்கு ஒரு வீடியோ கான்ஃபரன்ஸ் பெட்டி வாங்கினோம். கேமரா, மேசை மைக் இரண்டு, ரிமோட் எல்லாம் சேர்த்து வரியோடு மூன்றே கால் லட்சம். பிராண்டு பெயரை எழுதவில்லை. சென்னை டீலரோடு எங்களுக்கு இன்னும் கணக்கு பாக்கி இருக்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கேமரா பிரமாதம். 12 மடங்கு ஆப்டிகல் ஜூம். மெர்ச்சண்டைசர் பொண்ணு சாம்பிளைத் தூக்கிப் பிடித்தால், காலர் ரிப்பில் ஒரு தையல் விட்டுப்போயிருப்பது ஜெர்மனியில் உட்கார்ந்திருக்கும் பையருக்கு, அதாவது எங்களிடம் சரக்கு வாங்குபவருக்கு, தெரியும். (தெரிந்து, ரிஜெக்ட்டும் செய்தார்.) ஷேடு விஷயத்தில் மட்டும் நம்பக் கூடாது. எங்கள் ரூம் டியூப்லைட்டில் நேவி கருப்பாகத்தான் தெரியும், லேப் டிப், அதாவது சாயம் போட்ட துணித் துண்டு, கூரியரில் போனால்தான் ஆச்சு. மைக்கும் குறையில்லை. பக்கத்து ஹாலில் ஓவர்லாக் மெஷின்கள் ஓடும்போதும் பேச்சு தெளிவாகப் போகிறது.

பையர் ஆபீஸிலும் இதே மாதிரி பெட்டி. எங்கள் ஸ்டாட்டிக் ஐபியை, அதாவது மாறாத இணைய முகவரியை, டயல் செய்தால் நேராக இங்கே மணி அடிக்கும். வம்பு வந்ததும் அந்த வழியாகத்தான்.

2022 நடுவில் தொடங்கியது. மீட்டிங் நடந்துகொண்டிருக்கும்போதே திரை கறுத்துப் போகும், பெட்டி தயாரித்த கம்பெனியின் லோகோ வரும். மறுபடி படம் வர 3 நிமிஷம் 20 நொடி. கடிகாரம் வைத்துப் பார்த்தேன். விலை பேசும் நேரத்தில் அந்த மூணே கால் நிமிஷம் எவ்வளவு நீளம் என்பது முதலாளி முகத்தைப் பார்த்தால் தெரியும். "ஏந் தம்பி, மறுக்காவும் படுத்துக்கிச்சா?" "ரெண்டு நிமிசம் இருங்கண்ணா." யுபிஎஸ் மாற்றினேன். அடாப்டர் மாற்றினேன். சூடாகிறதோ என்று பெட்டியை ஏசிக்கு நேராக நகர்த்தினேன். ஒன்றும் பலிக்கவில்லை.

துப்பு கொடுத்தவர் வாட்ச்மேன். "சார், ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த ரூமுல போன் அடிக்குதுங்க. போய்ப் பார்த்தா ஆளே இல்லீங்க." அவர் பேய் என்று நினைத்திருந்தார். எங்கள் தொழிலிலும் அதற்குப் பேய்க் கால் என்றுதான் பெயர்! அழைப்புப் பட்டியலைத் திறந்தால் 100, 1001 என்று மொட்டை எண்கள் வரிசையாக நின்றன. இணையத்தில் உள்ள ஐபிகளை ஒவ்வொன்றாக, இணைய அழைப்புகள் வரும் வாசலான 5060 போர்ட்டில் தட்டிக்கொண்டே போகும் தானியங்கிகளின் வேலை அது. பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். பெட்டி விழுந்த ஒவ்வொரு முறையும் கடைசி வரியில் வெளியிலிருந்து ஒரு எஸ்ஐபி அழைப்பு. (இணையம் வழியாகக் கூப்பிடுவதற்கான பொது முறைதான் எஸ்ஐபி.)

நடந்தது இதுதான். கூப்பிடுவது யார் என்று விசாரிப்பதற்கு முன்பே, வந்த செய்தியைப் பெட்டி முழுசாகப் படிக்கப் பார்க்கிறது. செய்தியின் நீளத்தைக் குறிக்க வேண்டிய இடத்தில் கன்னாபின்னாவென்று ஏதாவது இருந்தால் அழைப்பைக் கவனிக்கும் புரோகிராம் விழுகிறது. அது விழுந்தால் மொத்தப் பெட்டியும் தானே ரீபூட் ஆகிறது. பாஸ்வேர்டு வேண்டாம், எதையும் கிளிக் செய்ய வேண்டாம், நெட்வொர்க்கில் வரும் ஒரே ஒரு பாக்கெட், ஒரு துண்டு டேட்டா, போதும். இது புதுசும் இல்லை. பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்துக்காரர்கள் கோணல்மாணலான எஸ்ஐபி செய்திகள் நாலாயிரத்துக்கும் மேல் தயாரித்து, பல கம்பெனிக் கருவிகளில் ஓட்டி, 2003லேயே இந்தக் கோளாறுகளை வெளிச்சம் போட்டுக் காட்டிவிட்டார்கள். அடுத்த வருஷம், வீடியோ அழைப்புக்கான இன்னொரு முறையான எச்.323க்கும் அதே சோதனை. அந்த எஸ்ஐபி செய்தித் தொகுப்பையே ஒரு ஞாயிற்றுக்கிழமை என் லேப்டாப்பிலிருந்து ஓட்டினேன். டீ ஆறுவதற்குள் லோகோ வந்துவிட்டது.

சர்வீஸுக்குப் போன் போட்டால், "டேட்டா எதுவும் திருடு போகலையே சார்?" என்று கேட்கிறார் அந்தப் பையன். போகவில்லைதான். ஓட்டை எவ்வளவு ஆபத்து என்று அளக்கும் சிவிஎஸ்எஸ் 3.1 மதிப்பெண் முறையில், திருட்டே நடக்காமல், யாரோ எங்கிருந்தோ பாஸ்வேர்டு இல்லாமல் கருவியை முடக்க முடிந்தாலே பத்துக்கு 7.5 வரும், 'ஹை' என்ற வகை. சரி, அதை அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது. சரிசெய்த ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) இருக்கிறதாம், ஆனால் ஏஎம்சி, அதாவது வருஷாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம், இருப்பவர்களுக்கு மட்டுமாம். எங்கள் வாரண்டி 2020 கடைசியில் முடிந்தபோது ஆபீஸே பாதிதான் திறந்திருந்தது, ஏஎம்சியை யார் நினைத்தார்கள்? இப்போது கேட்டால், விட்டுப்போன காலத்துக்கும் சேர்த்துக் கட்டச் சொல்கிறார்கள். முதலாளியிடம் சொன்னேன். "ஓட்டையோட வித்துப்போட்டு, அடைக்க நாம காசு கட்டோணுமா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் நானே ரவுட்டரில் கை வைத்தேன். எஸ்ஐபிக்கான 5060, 5061, எச்.323க்கான 1720 ஆகிய மூன்று போர்ட்டுகளையும் பையர்கள் இரண்டு பேரின் ஐபிக்கு மட்டும் திறந்துவிட்டு, மற்ற எல்லோருக்கும் அடைத்தேன். வெளியிலிருந்தும் திறக்க முடிந்த, பெட்டியின் செட்டிங்ஸ் வெப் பக்கத்தையும் மூடினேன். தானாக அழைப்பை எடுக்கும் வசதியையும் அணைத்தேன். 2012இல் ரேபிட்7 நிறுவனத்தின் எச்.டி.மூர் இணையத்தின் ஒரு சிறு பகுதியைத் துழாவியதிலேயே, கூப்பிட்டதும் தானாக எடுக்கும் மீட்டிங் ரூம்கள் ஏறக்குறைய 5,000 சிக்கின. டீலரின் ஆள் எங்கள் பெட்டியையும் அப்படித்தான் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அன்றிலிருந்து ராத்திரி மணி அடிப்பதில்லை, மீட்டிங்கும் அறுவதில்லை. ஆனால் ஓட்டை அடைபடவில்லை, முன்னால் ஒரு தட்டிதான் வைத்திருக்கிறேன். எஸ்ஐபி செய்திகள் வரும் யுடிபி என்ற முறையில், அனுப்புகிறவர் தன் ஐபியைப் பொய்யாகப் போடலாம். பையரின் ஐபி தெரிந்த ஒருவர் மனசு வைத்தால் இன்றைக்கும் விழும். புதுப் பையர் வந்தால் முதல் வேலையாக அவருடைய ஐபியைக் கேட்டு மெயில் போட வேண்டியிருக்கிறது.

படத்துக்கும் குரலுக்கும் 5க்கு நாலரை. பெட்டி தயாரித்த கம்பெனிக்கு ஒன்று, அதுவும் போனையாவது எடுத்ததற்காக. இரண்டாவது ரூமுக்கு வாங்க, அதே டீலரிடம் போன மாதம் கொட்டேஷன் கேட்டேன். பாதுகாப்பு ஃபர்ம்வேரை ஏஎம்சி இல்லாமலே ஐந்து வருஷம் தருவோம் என்று ஒரு வரி சேர்த்து எழுதிக் கேட்டிருந்தேன். கொட்டேஷன் மறுநாளே வந்தது. அந்த வரி மட்டும் அதில் இல்லை.