நாட்டின் சார்பில் உரை: எழுவாய் 'நான்' ஆக வேண்டுமா, 'அரசு' ஆக வேண்டுமா?

நாட்டுக்காக வாசிக்கும் உரையில் முதலில் முடிவாக வேண்டியது எழுவாய். 'அரசு', நாட்டின் பெயர், 'நான்', 'நாம்' என நான்கு வழிகள் உண்டு.

நிதி, காலக்கெடு, வாக்குறுதி என்றால் 'அரசு' போதும். செய்ய வேண்டியவர் யார் என்ற குழப்பமே வராது. துக்கத்துக்கு மட்டும் எடுபடாது, சுற்றறிக்கை வாசிப்பதுபோல் இருக்கும்.

நாட்டின் பெயரே எழுவாயானால் தப்பிக்க வழியில்லை. 1942-ல் பாரிஸில் யூதர்களைக் கைது செய்தது நாஜி ஜெர்மனியோடு ஒத்துழைத்த விஷி ஆட்சிதான், பிரெஞ்சுக் குடியரசு அல்ல என்பதே பிரான்ஸில் நெடுங்காலம் சொல்லப்பட்ட பதில். 1995 ஜூலை 16 அன்று அதிபர் சிராக், குற்றத்தை 'பிரான்ஸ்' செய்தது என்றார். அந்தப் பதில் அதோடு செல்லாக்காசானது. வாழ்த்துரைக்கெல்லாம் இதை எடுத்தால் வெறும் ஆடம்பரம்.

'நான்' நெஞ்சைத் தொடும். பதவியைச் சேர்க்காவிட்டால் தனிமனித வருத்தமாகச் சுருங்கிவிடும். ஜப்பான் பிரதமர் முராயாமா 1995 ஆகஸ்ட் 15 அன்று போர்க்கால மன்னிப்பை 'நான்' என்றே சொன்னார். ஆனால் அது அமைச்சரவை முடிவு. அரசின் நிலைப்பாடாக நிலைத்ததற்குக் காரணம் அதுதான். கேமராவுக்குத் தெரியாத இந்த வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

அதிகம் கெடுவது 'நாம்'. "நாம் வரி கட்டினோம், நாம் அணை கட்டினோம், நாம் தவறிழைத்தோம்": முதலாவது மக்கள், இரண்டாவது அரசு, மூன்றாவது என்றோ இருந்த அதிகாரிகள். வரைவில் ஒவ்வொரு 'நாம்'-ஐயும் வட்டமிட்டு, பக்கத்தில் அது யார் என்று எழுதுங்கள். ஒரே பத்தியில் ஆள் மாறினால் வாக்கியத்தையே மாற்றுங்கள். மன்னிப்புரையில் இன்னும் கவனம் தேவை: பாதிக்கப்பட்டவர்களும் குடிமக்கள்தான், அவர்களும் அந்த 'நாம்'-க்குள் வந்தால் தங்களிடமே மன்னிப்புக் கேட்பதாகிவிடும்.

இவற்றை அடுக்கிப் பேசுவதே என் தேர்வு. பூர்வகுடிகளுக்கு முன்பு இழைக்கப்பட்ட அநீதிக்கு ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் 1999-ல் 'வருத்தம்' தெரிவித்ததோடு நின்றது. 2008 பிப்ரவரி 13 அன்று கெவின் ரட், பிரதமராக, அரசின் சார்பில், நாடாளுமன்றத்தின் சார்பில் என மூன்று தனித்தனி வாக்கியங்களில் மன்னிப்புக் கேட்டார். எந்தத் தகுதியில் பேசுகிறார் என்ற கேள்விக்கே இடமில்லை. இழப்பீடு இல்லை என்ற குறை மட்டும் நின்றது.

எந்த வழியானாலும், வெளிநாடு தொடர்பான வாக்குறுதியை அரசின் சட்ட வல்லுநர்கள் பார்த்தாக வேண்டும். வளிமண்டல அணுச் சோதனையை நிறுத்துவதாகப் பிரான்ஸ் அதிபரும் அமைச்சர்களும் பொதுவெளியில் சொன்னதே அந்நாட்டைக் கட்டுப்படுத்தும் என்று சர்வதேச நீதிமன்றம் 1974-ல் தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்து எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.