ஃப்ளேர் எக்ஸ்5 6000 சிஎல்30: பெட்டியில் போட்ட வேகம் எப்போது கிடைக்கும்?

ஏஎம்டியின் ரைசன் 7000 அல்லது 9000 புராசசர் போட்டு ஏஎம்5 சாக்கெட் மதர்போர்டில் புது கணினி கட்டுகிறவர்கள் ஜி.ஸ்கில் ஃப்ளேர் எக்ஸ்5 டிடிஆர்5 ரேம் கிட்டைத் தயங்காமல் வாங்கலாம். 16 ஜிபி ஸ்டிக் இரண்டு, டைமிங் (ரேம் பதில் தர எடுக்கும் கிளாக் சுற்றுகள்; முதல் எண்தான் சிஎல்) 30-38-38-96, வோல்டேஜ் 1.35. உயரம் 33 மி.மீ. தான், அதனால் பெரிய ஏர் கூலருக்கு அடியிலும் இடிக்காது. ஆர்ஜிபி விளக்கு இல்லை. அந்த விளக்கை ஆட்டிவைக்கும் மென்பொருளின் தொல்லையும் இல்லை.

ஆனால் 6000 (வினாடிக்கு மெகாட்ரான்ஸ்ஃபர் கணக்கு) என்பது சொருகியவுடன் கிடைக்கிற வேகமில்லை. எதையும் தொடாமல் ஆன் செய்தால் 1.1 வோல்ட்டில் 4800-தான் ஓடும். மதர்போர்டின் அடிப்படை செட்டிங் திரையான பயாஸில் எக்ஸ்போவை, அதாவது ரேமிலேயே பதிந்திருக்கும் வேக அமைப்பை, இயக்கினால்தான் 6000. அது ஓவர்கிளாக் கணக்கில் வரும். ரைசன் 7000-க்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்வது 5200 வரை, 9000-க்கு 5600 வரை. அதைத் தாண்டினால் ரேம் மட்டும் நன்றாக இருந்து பயனில்லை. புராசசருக்குள் இருக்கும் மெமரி கண்ட்ரோலர், மதர்போர்டின் வயரிங், பயாஸ் எல்லாம் சேர்ந்து ஒத்துழைக்க வேண்டும். எது முரண்டு பிடித்தாலும் திட்டு வாங்குவது என்னவோ ரேம்தான்.

முதல் குழப்பம் முதல் பூட்டிலேயே வரும். திரை கருப்பாக இருக்கும், மதர்போர்டில் டிராம் என்று எழுதிய சின்ன விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பழுது என்று நினைத்து பவரை அணைத்துவிடாதீர்கள். மெமரி டிரெய்னிங், அதாவது போர்டும் ரேமும் ஒத்துப்போகும் அமைப்பைத் தேடுவது, நடக்கிறது. சில நிமிடங்கள் ஆகலாம். நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கால் மணி நேரம் கழித்தும் விளக்கு அணையவில்லை என்றால் சிமாஸை கிளியர் செய்துவிட்டு (பயாஸ் செட்டிங்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு), ஸ்டிக்குகள் ஏ2, பி2 ஸ்லாட்டில், அதாவது புராசசர் பக்கமிருந்து இரண்டாவதிலும் நான்காவதிலும், இருக்கின்றனவா என்று பாருங்கள். பல போர்டுகளில் ஸ்லாட்டின் ஒரு முனையில் மட்டுமே கிளிப் இருக்கும். கிளிப் இல்லாத முனை உட்கார்ந்ததுபோலத் தெரியும், உண்மையில் அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கும். இரண்டு முனையையும் தனித்தனியாக அழுத்துங்கள். 32 ஜிபிக்குப் பதில் 16 மட்டும் தெரிந்தால், ஸ்டிக் மாற்றிப் பார்த்தும் அதே கதை என்றால், புராசசர் சாக்கெட்டில் வளைந்த பின் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கூலரை ஒரு பக்கமாக இறுக்கியிருந்தாலும் இது நடக்கும்.

இரண்டாவது வகைப் பிரச்சினைதான் மோசமானது: விண்டோஸ் நன்றாகவே வரும், அவ்வப்போது சறுக்கும். பிரவுசர் டேப் தானாகச் சாகும், பெரிய ஜிப் கோப்பு பிரிக்கும்போது சிஆர்சி (கோப்பு சிதைந்திருக்கிறது என்ற) பிழை காட்டும், கேம் தானாக மூடி டெஸ்க்டாப்புக்குத் திரும்பிவிடும், என்றாவது ஒரு நாள் மெமரி மேனேஜ்மென்ட் என்று நீலத் திரை வரும். டிடிஆர்5-இல் ஆன்-டை ஈசிசி என்ற பிழை திருத்தும் வசதி இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்று கேட்பார்கள். சிப்புக்குள் ஒரு பிட் புரண்டால் அது திருத்தும். சிப்பிலிருந்து புராசசருக்குப் போகும் வழியில் தவறினால் அதற்குத் தெரியவே தெரியாது. வேகம் கூட்டும்போது தவறு நடப்பது பெரும்பாலும் அந்த வழியில்தான்.

சோதனையை 4800-இல் தொடங்குங்கள். முக்கியமான கோப்புகளுக்கு முதலில் பேக்கப், பிறகு பயாஸ் அப்டேட், பிறகு எக்ஸ்போ இல்லாமல் மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளை யூஎஸ்பியிலிருந்து ஓட்டுங்கள். இலவசப் பதிப்பு நான்கு பாஸ் (முழுச் சுற்று) தரும், அது போதும். இங்கேயே பிழை வந்தால் ஒவ்வொரு ஸ்டிக்காக ஏ2-வில் போட்டு, குற்றவாளி ஸ்டிக்கா ஸ்லாட்டா என்று பிரித்துவிடலாம். ஸ்டிக் என்றால் வாரண்டிக்கு அனுப்புவதுதான் ஒரே வழி, செட்டிங்கில் மல்லுக்கட்ட வேண்டாம்.

4800 சுத்தம், 6000 அடிவாங்குகிறது என்றால் இரண்டு சோதனை செய்து பாருங்கள். டைமிங்கையும் வோல்டேஜையும் அப்படியே வைத்து வேகத்தை மட்டும் 5600-க்கு இறக்குங்கள். சரியாகிவிட்டால் சந்தேகம் பெரும்பாலும் கண்ட்ரோலர், போர்டு பக்கம். மெமரி கண்ட்ரோலருக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜை 1.20-இல் வைத்து, 6000-இல் தேவைப்பட்டால் 1.25 வரை படிப்படியாக ஏற்றுங்கள். 2023-இல் சில புராசசர்கள் எரிந்த பிறகு ஏஎம்டி இதற்கு 1.3 என்று உச்சவரம்பு போட்டுவிட்டது. அதைத் தொடவேண்டிய தேவை வந்தால் 5600-இலேயே நின்றுவிடுவது புத்திசாலித்தனம். மாறாக, 6000-ஐ விடாமல் டைமிங்கை மட்டும் 36-க்குத் தளர்த்தியதும் பிழை நின்றால், ஸ்டிக்குக்குத்தான் மூச்சு வாங்குகிறது. ரேமுக்குப் போகும் விடிடி, விடிடிக்யூ வோல்டேஜ் இரண்டையும் 1.35-லிருந்து 1.40-க்கு ஏற்றிப் பாருங்கள்.

ஜென்டைமிங்ஸ் என்ற சின்ன மென்பொருளையும் திறந்து பாருங்கள். எம்கிளாக் (ரேம்; 6000-இன் பாதி) 3000, யூகிளாக் (மெமரி கண்ட்ரோலர்) 3000, எஃப்கிளாக் (புராசசரின் உள் இணைப்பு) 2000 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்க வேண்டும். யூகிளாக் 1500 என்றால் கண்ட்ரோலர் பாதி வேகத்தில் ஓடுகிறது; கணினி ஸ்திரமாக இருக்கும், 6000-க்குக் கொடுத்த காசு வீண்.

பூட் சீக்கிரம் ஆக வேண்டும் என்று பயாஸில் மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோரை (பழைய டிரெய்னிங் முடிவையே மறுபடி பயன்படுத்தும் வசதி) இயக்குகிறவர்கள் பவர் டவுன் எனேபிளையும் (சும்மா இருக்கும் ரேமின் மின்செலவைக் குறைக்கும் வசதி) சேர்த்து இயக்குங்கள். முதலாவதை ஆன், இரண்டாவதை ஆஃப் என்று வைத்தால், குறிப்பாகப் பழைய பயாஸில், காரணமே தெரியாத நீலத் திரைகள் வரும்.

சூட்டைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் எஸ்பிடி ஹப் வெப்பநிலை, அதாவது ஸ்டிக்கின் சூடு, தெரியும். ராத்திரி மெம்டெஸ்ட் தாண்டிய கிட், மத்தியானம் கிராபிக்ஸ் கார்டு கக்கும் சூட்டில் ஒரு மணி நேரம் கழித்துப் பிழை காட்டலாம். சூடு ஏறினால் செல்லில் இருக்கும் சார்ஜ் வேகமாகக் கசியும். அந்த சார்ஜைப் புதுப்பிக்கும் ரெஃப்ரெஷ் இடைவெளி 6000-இல் சுமார் 11,700 சைக்கிள், அதாவது 3.9 மைக்ரோசெகண்ட். அதை அப்படியே விட்டால் பயமில்லை. வீடியோ பார்த்து 65,535 என்று போட்டவர்கள்தான் 50 டிகிரி தாண்டியதும் மாட்டிக்கொள்கிறார்கள். ஆகவே மெம்டெஸ்ட்86-ஓடு நிறுத்தாமல், விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5 என்ற இன்னொரு சோதனை மென்பொருளை எக்ஸ்ட்ரீம் கான்ஃபிக்கில் ஓட்டுங்கள். பிறகு ஒய்-கிரஞ்சர் மென்பொருளின் விடி3 சோதனை. எஸ்ஓசி, எஃப்கிளாக் பக்கத்துக் கோளாறுகளை அது சீக்கிரம் பிடித்துவிடும். விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக் இதற்குப் போதாது.

64 ஜிபி வேண்டும் என்று இதே கிட்டை இரண்டு வாங்கி நான்கு ஸ்லாட்டையும் நிரப்பாதீர்கள். நான்கு ஸ்டிக் போட்டால் ரைசன் 7000-க்கு அதிகாரபூர்வ வேகம் 3600-தான். 32 ஜிபி ஸ்டிக் இரண்டு கொண்ட கிட் பாருங்கள். பெரிய கேஷ் கொண்ட எக்ஸ்3டி வகை ரைசன் புராசசர் வைத்திருப்பவர்கள் சிஎல்36 கிட் கணிசமாக மலிவாகக் கிடைத்தால் அதையே எடுக்கலாம். சிஎல்30-இன் 10 நானோசெகண்டுக்கும் சிஎல்36-இன் 12-க்கும் உள்ள வித்தியாசத்தை அந்தப் பெரிய எல்3 கேஷ் பெருமளவு விழுங்கிவிடும். இன்டெல் போர்டுக்காரர்கள் எக்ஸ்எம்பி (எக்ஸ்போவுக்கு இன்டெல் பக்கத்து இணை) உள்ள கிட் வாங்குவது நல்லது.

வாரண்டி லிமிடெட் லைஃப்டைம். வாங்கிய கடையின் ரிட்டர்ன் காலம் முடிவதற்குள் 4800, 6000 இரண்டிலும் சோதனையை முடித்துவிடுங்கள். 4800-இல் பிழை வந்தால் அந்தத் திரையைப் படமெடுத்து வையுங்கள். எக்ஸ்போவில் வந்த பிழையைவிட அதற்கு மதிப்பு அதிகம். ஒரு ஸ்டிக் மட்டும் பழுது என்றாலும் ஜோடியாகத்தான் அனுப்ப வேண்டும். பழைய டிடிஆர்4 ஸ்டிக் இந்த போர்டில் ஏறாது, மாற்று வரும்வரை கணினி சும்மாதான் கிடக்கும்.