கோ 3 சோயா விதை: தென்னைக்கு அடியில் போட்டுப் பார்த்தேன்

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோப்பில் ஆடிப்பட்டத்துக்கு ஊடுபயிராகப் போடலாம் என்று, பக்கத்து ஊர் விதைக்கடையில் கோ 3 என்ற சோயா ரகத்தின் விதை 10 கிலோவும், விதையோடு கலக்க ரைசோபியம் (வேரில் முடிச்சு போட்டுக் காற்றிலிருந்து தழைச்சத்து எடுத்துக் கொடுக்கும் பாக்டீரியா) பொட்டலமும் வாங்கினேன். விதைக்கு ஐந்துக்கு நாலு மார்க் கொடுப்பேன். கடைக்கு இரண்டுக்கு மேல் மனசு வரவில்லை.

முதலில் கொடுத்த பையில் 100 விதையை எண்ணி ஈரச்சாக்கில் சுருட்டி வைத்தேன், ஐந்தாம் நாள் பிரித்தால் 54 தான் முளைத்திருந்தது. சான்று விதைக்கு 70 சதவீதமாவது இருக்க வேண்டும். அப்புறம்தான் பையில் இருந்த சான்று விதைக்கான நீல அட்டையைத் திருப்பிப் பார்த்தேன், காலக்கெடு எப்போதோ முடிந்துபோன பழைய சரக்கு. சோயாவுக்குத் தோல் மெலிசு, நம் ஊர் வெக்கையில் மூட்டையிலேயே உயிர் போய்விடும், பாசிப்பயறு மாதிரி வருஷக்கணக்கில் தாங்காது. சாக்கோடு கொண்டுபோய்க் காட்டிய பிறகு கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார், அதில் 83 முளைத்தது. அவர் கொடுத்த ரைசோபியமும் நிலக்கடலைக்கு உரியது. "எல்லாம் ஒண்ணுதானுங்க" என்றார். ஒன்று இல்லை, சோயாவுக்கு வேர்முடிச்சு போடும் பாக்டீரியா வேறு. சரியான பொட்டலத்தை வேறு இடத்தில் தேடி வாங்கி, ஆறின கஞ்சியில் கலந்து, நிழலில் அரைமணி உலர்த்திப் போட்டேன். 40 நாளில் ஒரு செடியைப் பிடுங்கி முடிச்சைக் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு, நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

"தென்னைக்கடியில எங்க போட்டாலும் வருமுங்க" என்று அவர் சொன்னதுதான் பெரிய பொய். மேற்குத் துண்டில் மரங்களுக்கு 30 வயசுக்கு மேல், உயரமாகப் போய்விட்டதால் காலையும் மாலையும் வெயில் சாய்வாக உள்ளே வருகிறது. அங்கே வட்டப்பாத்தியை விட்டுத் தள்ளி வரிசை பிடித்துப் போட்டதில் செடி நன்றாகப் பக்கக்கிளை விட்டு, ஒன்றுக்கு முப்பது, முப்பத்தைந்து காய் இருந்தது, 90 நாளில் இலை பழுத்துக் கொட்டியதும் அறுத்துவிட்டோம். கிழக்குத் துண்டு 12 வயசு மரம், மட்டையோடு மட்டை கோத்துக்கொண்டு நடுமதியத்திலும் மசமசவென்று இருக்கும். அங்கே அதே விதை, அதே நாள், அதே தண்ணீர், ஆனால் செடி வெளிச்சம் தேடி நெடுநெடுவென்று வளர்ந்து தண்டு குச்சியாகிவிட்டது, ஒரு மழைக்கே படுத்துக்கொண்டது. பூவும் நிற்கவில்லை, செடிக்கு எட்டுக் காய் தேறினால் அதிகம். இதற்கு விதையைக் குறை சொல்ல முடியாது, நான் போட்ட இடம் தப்பு.

இந்தோனேசியாவில் நிழலுக்கென்றே டேனா 1, டேனா 2 என்று 2014-ல் ரகம் விட்டிருக்கிறார்கள், பாதி வெளிச்சம் போனாலும் தாங்குமாம். நம் கடையில் கேட்டால் முழிக்கிறார்கள்.

மயில் தொல்லையையும் சொல்லிவிடுகிறேன், முளைத்து ஒரு வாரம் ஆள் நிற்கவில்லையென்றால் வித்திலையோடு கொத்திவிடும். முழுசாக ஒரு வரிசை போச்சு.

அடுத்த ஆடிக்கு மேற்கில் மறுபடி கோ 3, கிழக்கில் மாட்டுக்குக் கினியா புல். அந்தக் கடைக்குத்தான் போயாக வேண்டும், இன்னொன்று 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனால் அட்டையில் தேதி பார்க்காமல் பையிலிருந்து காசை எடுக்க மாட்டேன்.