ஜேட் பாலிஷுக்குக் கொடுக்கிறவர்கள் கவனத்துக்கு: அந்தப் பளபளப்பு கல்லுடையதுதானா?

நான் நெஃப்ரைட்டில் (ஜேட் எனும் அணிகலக் கல்லில் ஒரு வகை) செதுக்கிய இலைப் பதக்கத்தைத் தேய்த்து மெருகேற்றித் தரச் சொல்லி, இதையே தொழிலாகச் செய்யும் ஒருவரிடம் கொடுத்தேன். திரும்பி வந்தபோது கண்ணாடி மாதிரி மின்னியது. கொஞ்ச நாள் கழுத்தில் போட்டதும் ஓரம் மங்கி, மேல்பரப்பு தோல் போல உரிய ஆரம்பித்தது. கல் எங்காவது உரியுமா? பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் துடைத்தேன். பளபளப்பு பிசுபிசுவென்று பஞ்சோடு வந்துவிட்டது. பூசியிருந்தது வார்னிஷ். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அடியில் முரட்டுத் தேய்ப்புக் கோடுகள் அப்படியே இருக்கின்றன.

ஜேட் வேலையில் நேரம் தின்பதே இந்தத் தேய்ப்புதான். நெஃப்ரைட்டின் கடினம் மோஸ் அளவில் (கீறலைத் தாங்கும் திறனை 1 முதல் 10 வரை சொல்லும் அளவுகோல்) 6 முதல் 6.5 வரைதான். ஆனால் உள்ளே நுண்ணிய இழைகள் பின்னிப் பிணைந்து கிடக்கும். தேய்ந்துபோன உப்புத்தாளை வைத்து அழுத்தினால் இழைகள் பிய்ந்து, ஆரஞ்சுத் தோல் போல மேடும் பள்ளமுமாகிவிடும். அதனால்தான் வைரத்தூளில் 400, 600, 1200, 3000 என்று (எண் கூடக் கூடத் தூள் நுண்மையாகும்) படிப்படியாகப் போகிறோம். முந்தைய கோடுகள் முழுக்க மறைந்த பிறகுதான் அடுத்த படி. அவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். போதாததற்கு மோட்டார் சக்கரத்தில் பிடித்து, இலை நரம்புகளையும் மழுக்கிவிட்டார். கோடுகளை மறுபடி தேய்த்து எடுத்துவிடலாம், போன நரம்பு வராது. எனக்கு ஆறாத வருத்தம் அதுதான்.

கேட்டதற்கு, "கடைசியில் எல்லாரும் மெழுகு பூசுவாங்களே" என்றார். மெழுகு பூசுவது உண்மைதான். ஆனால் அது மெருகேறிய கல்லின் மேல் மெல்லிசாகத் தடவுவது, மெருகுக்குப் பதில் அல்ல. பணத்தைத் திருப்பித் தரவும் மறுத்துவிட்டார்.

நீங்கள் கொடுப்பதானால், மெழுகு பூசும் முன் கல்லைக் காட்டச் சொல்லுங்கள். நன்றாக உலர்ந்திருக்க வேண்டும், ஈரம் கோடுகளை மறைத்துவிடும். டியூப்லைட்டின் பிம்பம் சமமான பரப்பில் நெளியாமல் விழுகிறதா என்று பாருங்கள். அசிட்டோன் சோதனையைப் பின்பக்கம் ஒரு மூலையில் மட்டும் செய்யுங்கள். சாயமோ பிசினோ ஏற்றிய கல்லாக இருந்தால் கெட்டுப்போகும்.

அப்புறம், தண்ணீர் விடாமல் தேய்க்கிறவரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. பட்டறையில் அவர் மட்டுமா இருக்கிறார், கூட வேலை செய்யும் பையன்களும் அதைத்தானே சுவாசிக்கிறார்கள்?