முன்பதிவு எண் உண்மை, பணம் மட்டும் போய்ச் சேரவில்லை: கப்பல் பயணத்துக்குத் திட்டமிடும் ஓய்வுபெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை

ஓய்வூதியத்தில் மாதாமாதம் ஒதுக்கி, மருத்துவச் செலவுக்குக்கூடத் தொடாமல், பயணத்துக்கென்றே தனிக் கணக்கில் நானும் என் மனைவியும் சேர்த்து வைத்திருந்த 6,400 டாலர் போய்விட்டது. அதைத் திருப்பித் தர இயலாது என்று நேற்று மின்னஞ்சலில் தெரிவித்துவிட்டார்கள். புகார் விசாரணையில் இருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. மூத்தோருக்கான கப்பல் பயணங்களை மட்டுமே விற்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஓர் இணைய முகமை என்பது போதும்.

மலிவு விலையைக் காட்டி அவர்கள் எங்களைப் பிடிக்கவில்லை. தொலைபேசியில் பேசிய பெண், "ஐயா, விளம்பரத்தில் இருக்கும் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள்" என்றுதான் தொடங்கினார். அந்த விலை ஓர் அறையில் இருவர் தங்கும்போது ஆளுக்கு ஆகும் கட்டணம் என்றும், தனியாகப் போகிறவரிடம் அதே அறைக்கு ஏறத்தாழ இரட்டிப்பாகக் கேட்பார்கள் என்றும், துறைமுக வரியும் கரைச் சுற்றுலாவும் வைஃபையும் தனி என்றும், கப்பல் மருத்துவரைப் பார்த்தால் அந்த பில்லும் நம் கணக்கில்தான் ஏறும் என்றும் பொறுமையாக விளக்கினார். பல கப்பல்களில் டிப்ஸ் என்று ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை தானாகவே சேர்த்துவிடுவார்கள். 14 இரவுகளுக்கு இருவருக்கு அது மட்டுமே 500 டாலரைத் தொடும் என்று வரி வரியாக எழுதி அனுப்பினார். அத்தனையும் அடங்கியதுதான் 6,400 டாலர். (இன்றும் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தால் அதில் ஒரு கணக்கும் தப்பில்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.) மறைமுகச் செலவுகளை மறைக்காமல் சொல்கிறவரை யார்தான் சந்தேகிப்பார்கள்?

கிரெடிட் கார்டில் கட்டினால் 3 சதவீதம் கூடுதலாகும், வங்கி வழியாக அனுப்பினால் அந்தத் தொகையில் ஒரு கரைச் சுற்றுலாவே போய்வரலாம் என்றார். அனுப்பினோம். மறுநாளே முன்பதிவு எண் வந்தது. கப்பல் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தபோது எங்கள் இருவர் பெயரும், அறை எண்ணும், புறப்படும் தேதியும் எழுத்துப் பிழையின்றி இருந்தன. கீழே "செலுத்த வேண்டிய மீதி" என்று ஒரு பெருந்தொகை நின்றது. கேட்டதற்கு, முகமைகள் கடைசித் தேதியில் மொத்தமாகத்தான் கட்டும், அதுவரை அப்படித்தான் காட்டும் என்றார்கள்.

எங்கள் பணத்தில் முன்பணத்தை மட்டும் கட்டி முன்பதிவை உயிரோடு வைத்திருந்திருக்கிறார்கள். முழுத் தொகையையும் கட்ட வேண்டிய கெடு, புறப்பாட்டுக்கு ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு முன்பே வந்துவிடுகிறது. அந்தத் தேதி தாண்டியதும் கப்பல் நிறுவனம் தன் விதிப்படி முன்பதிவை ரத்து செய்து முன்பணத்தையும் எடுத்துக்கொண்டது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் தட்டிக்கழிப்புதான். கணக்குப் பிரிவில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார் ஒருவர். கணினிக் கோளாறு என்றார் இன்னொருவர். ஐயா ஐயா என்று உருகிய அந்தப் பெண் வேறு பிரிவுக்கு மாறிவிட்டாராம். யாரும் எதையும் தீர்க்காமலேயே "உங்கள் குறை தீர்க்கப்பட்டது" என்று தானியங்கிச் செய்தி வந்தது. கடைசியில், பணத்துக்குப் பதிலாக அடுத்த பயணத்துக்கான வரவுச் சீட்டுத் தருகிறோம், அதற்கு நிர்வாகக் கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்று கேட்டார்கள் பாருங்கள், அந்தத் துணிச்சலை என்னவென்று சொல்வது! வங்கியோ, நீங்களே ஒப்புதல் கொடுத்து அனுப்பிய 6,400 டாலரைப் பெற்றவர் சம்மதமில்லாமல் திரும்ப எடுக்க முடியாது என்று கைவிரித்துவிட்டது. கப்பல் நிறுவனத்தைக் கேட்டால், நீங்கள் பணம் கொடுத்தது எங்களிடம் அல்லவே என்கிறார்கள்.

ஓய்வுக்காலப் பயணச் செலவைத் திட்டமிடுவது பற்றி விரிவாக எழுத நினைத்திருந்தேன். இப்போது அதற்கு மனம் ஓடவில்லை. அவசரமாகச் சிலவற்றைச் சொல்கிறேன். முகமைக்கு வங்கி வழியாக அனுப்பாதீர்கள். 3 சதவீதம் போனாலும் போகட்டும், கார்டில் கட்டினால் சேவை கிடைக்காதபோது பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு வழியாவது உண்டு. முன்பதிவு இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், கப்பல் நிறுவனத்தை நேரடியாக அழைத்து எவ்வளவு வந்து சேர்ந்தது, மீதிக்குக் கெடு எந்தத் தேதி என்று கேளுங்கள். காப்பீட்டைத் தள்ளிப்போடாதீர்கள், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் ஈடு கிடைக்க, முதல் பணம் கட்டிய இரண்டு மூன்று வாரங்களுக்குள் எடுத்திருக்க வேண்டும் என்று பல பாலிசிகளில் நிபந்தனை இருக்கிறது. எங்கள் பாலிசியோ கப்பல் நிறுவனம் நொடித்துப்போனால் ஈடு தருமாம், விற்ற முகமை ஏமாற்றினால் தராதாம். வாங்கும் முன் அந்த ஒரு விஷயத்தைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.